வறண்ட பாலாற்றங்கரையிலிருந்து புனல் மின்சாரத்தைப் புரிந்துகொள்வோம்

வட ஆற்காட்டுக் கிராமங்களில் எண்பது வயதை நெருங்கும் பெரியவர்களைக் கேட்டால், கவலை ஓட்டிய காலத்தைப் பற்றிச் சொல்வார்கள். இரண்டு மாடுகள் சரிவில் இறங்கும்போது வடம் இழுபட்டு, கிணற்றின் அடியிலிருந்து சால் நிறையத் தண்ணீர் மேலேறி, தும்பி வழியாக வாய்க்காலில் கொட்டும். ஒரு காணி நெல்லுக்குத் தண்ணீர் பாய்ச்ச விடியலுக்கு முன்பே மாடுகளைப் பூட்ட வேண்டியிருந்தது. தண்ணீரை மேலே ஏற்றுவதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பது அவர்களுக்கு உடம்பால் தெரியும். அப்படி ஏற்றிய தண்ணீரை மறுபடியும் கீழே இறங்கவிட்டால், ஏற்றுவதற்குச் செலவான உழைப்பில் பெரும்பகுதியை அது திருப்பிக் கொடுத்துவிடும். நீர்மின்சாரம் என்றும் புனல் மின்சாரம் என்றும் நாம் சொல்வது இந்தத் திருப்பிக் கொடுத்தலைத்தான்.

மலையில் மாடும் வேண்டாம், வடமும் வேண்டாம். கடல் நீரை ஆவியாக்கி, மேகமாக்கி, நீலகிரியின் உச்சியிலும் குடகு மலையிலும் கொண்டுபோய்க் கொட்டும் வேலையைச் சூரியன் செய்து முடித்துவிடுகிறது. நாம் செய்வது, அந்தத் தண்ணீர் தன் போக்கில் பாறைகளில் மோதி ஓடி வலிமையை இழந்துவிடாமல், அணையில் நிறுத்தி, தடித்த இரும்புக் குழாய்க்குள் அடைத்து, குழாயின் அடிவாயில் இருக்கும் டர்பைன் என்னும் விசையாழியின் இறக்கைகள் மீது செலுத்துவது. விசையாழி சுற்றும், அதனோடு ஒரே அச்சில் பிணைந்த ஜெனரேட்டரும் சுற்றும், கம்பிச்சுருள்களுக்கு நடுவே காந்தம் சுழல்வதால் மின்சாரம் பிறக்கும். தண்ணீர் அங்கே செலவாகிவிடுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உள்ளே போன அளவு நீர் அப்படியே வெளியே வருகிறது, உயரத்தை மட்டும் இழந்து. இந்த ஒரு குறிப்பைப் பிடித்துக்கொண்டால், புனல் மின்திறனைப் பெருக்குவது பற்றிப் பின்னால் வரப்போகும் எல்லாம் எளிதாகிவிடும்.

எவ்வளவு மின்சாரம் கிடைக்கும் என்று கணக்கிடப் பள்ளிக் கணக்கே போதும். ஒரு வினாடிக்கு எத்தனை கன மீட்டர் நீர் பாய்கிறது, அது எத்தனை மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது ஆகிய இரண்டையும் பெருக்கி, அதை 9.81 ஆல் பெருக்கினால் கிலோவாட்டில் விடை வரும். இயந்திரங்களில் சிறிது வீணாகும் என்பதால் அந்த விடையில் ஏறக்குறைய நூற்றுக்கு 85 முதல் 90 பங்கை எடுத்துக்கொள்ளலாம்.

கணக்கை வீட்டிலிருந்து தொடங்குவோம். மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டி தரையிலிருந்து பத்து மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தத் தொட்டி நீர் முழுவதையும் ஒரு சிறு விசையாழி வழியாக இறக்கினால் கிடைப்பது ஒரு யூனிட்டில் (ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்) நாற்பதில் ஒரு பங்கு. அதைக் கொண்டு ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு மூன்று மணி நேரம்கூட எரியாது. அதே ஆயிரம் லிட்டர் நூறு மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் ஏறக்குறைய கால் யூனிட் கிடைக்கும். கோடையில் வேலூர்த் தெருக்களில் வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்: அந்த லாரி நீர் முழுவதும் நூறு மீட்டர் இறங்கினால் மூன்று யூனிட் வரும். ஒன்றரை டன் ஏசி ஒன்றை இரண்டு மணி நேரம் ஓட்ட அது சரியாக இருக்கும். நாம் ஒரு சுவிட்சைத் தட்டும்போது மலையில் எவ்வளவு தண்ணீர் அசைகிறது என்பது இப்போது ஓரளவு கண்முன் வந்திருக்கும்.

உயரம்தான் இங்கே முதல் செல்வம். குடியாத்தத்துக்கு அருகே கௌண்டன்யா ஆற்றில் கட்டப்பட்ட மோர்தானா அணை 261 மில்லியன் கன அடி கொள்ளும். நீர்மட்டம் முழுதாக 11.5 மீட்டர். அணை நிரம்பி வழியும் நாளில் ஊரே போய்ப் பார்க்கிறது. அந்த நீர் அத்தனையும் சராசரியாக ஆறு மீட்டர் இறங்குவதாகக் கொண்டு கணக்கிட்டால், கிடைப்பது ஏறக்குறைய ஒரு லட்சம் யூனிட். மாதம் 200 யூனிட் செலவழிக்கும் 500 வீடுகளுக்கு ஒரே ஒரு மாதத்துக்கு அது வரும். அதற்காக மோர்தானாவைக் குறைத்து மதிப்பிட்டுவிடக் கூடாது. அந்த அணையின் வேலை பாசனமும் குடிநீரும், அதை அது செய்கிறது. ஆனால் ‘இவ்வளவு தண்ணீர் இருக்கிறதே, மின்சாரம் எடுக்கக் கூடாதா’ என்று ஒவ்வொரு மழைக்காலத்திலும் எழும் கேள்விக்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது. தண்ணீர் இருக்கிறது, உயரம் இல்லை. நீலகிரியின் பைக்காராவில் 1930களின் தொடக்கத்தில் கட்டிய மின்நிலையத்தில் தண்ணீர் மூவாயிரம் அடிக்கு மேல் இறங்குகிறது. அங்கே மாடித் தொட்டி அளவான ஆயிரம் லிட்டர் நீரே இரண்டு யூனிட்டுக்கு மேல் கொடுத்துவிடும்.

பாலாற்றில் உயரமும் இல்லை, பெரும்பாலான மாதங்களில் தண்ணீரும் இல்லை. நந்தி மலைப் பகுதியில் பிறந்து மூன்று மாநிலங்களைக் கடந்து வரும் அந்த ஆறு, நம் பக்கம் வந்து சேரும்போது மணற்பரப்பாகத்தான் காட்சி தருகிறது. ஆனாலும் புனல் மின்சாரத்துக்கும் இந்த மண்ணுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 1902இல் காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் மின்நிலையம் அமைத்து, நூறு மைலுக்குச் சற்றுக் குறைந்த தொலைவுக்குக் கம்பி இழுத்து, கோலார் தங்கவயலின் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுசென்றார்கள். அந்தச் சுரங்கங்களில் இறங்கி உழைத்தவர்களில் வட ஆற்காட்டிலிருந்து போன குடும்பங்கள் ஏராளம். பிறகு 1934இல் மேட்டூர் அணை முடிந்து, 1937இல் அதன் அடியில் மின்நிலையம் ஓடத் தொடங்கியபோது, அதன் மின்சாரம் சென்ற மாவட்டங்களில் வட ஆற்காடும் ஒன்று. கவலை மாடுகளுக்கு ஓய்வு கொடுத்த மின்மோட்டார்கள் இந்த மாவட்டத்தின் கிணறுகளில் பெருகியது அதற்குப் பிந்தைய ஆண்டுகளில். மேட்டூரில் இறங்கிய தண்ணீர், கம்பி வழியாக வந்து, இங்கே கிணற்றுத் தண்ணீரை ஏற்றியது என்று சொன்னால் அது வெறும் அழகுக்கான சொல் அன்று. இயற்பியல்படியும் அதுவே உண்மை.

மெகாவாட் வேறு, யூனிட் வேறு

மின்திறனைப் பெருக்குவது பற்றிப் பேசும்போது பெரும்பாலோர் தடுமாறும் இடம் இது. ஆகவே சற்று நின்று பார்க்க வேண்டும். ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது ஒன்று. மதகின் வாய் எவ்வளவு அகலம் என்பது வேறொன்று. ஏரி சிறியதாக இருந்தாலும் மதகை அகலமாக வைத்தால், தேவைப்படும் நேரத்தில் தண்ணீரைப் பெருக்காகத் திறந்துவிடலாம். ஆனால் விரைவில் தீர்ந்துபோகும். மின்சாரத்தில் மெகாவாட் என்பது மதகின் வாயகலம். யூனிட் என்பது வெளியேறிய தண்ணீரின் மொத்த அளவு. ஒரு மெகாவாட் இயந்திரம் ஒரு மணி நேரம் முழுவீச்சில் ஓடினால் ஆயிரம் யூனிட்.

தமிழ்நாட்டின் நீர்மின் நிலையங்களின் மொத்த நிறுவுதிறன் ஏறக்குறைய 2,300 மெகாவாட். ஆண்டு முழுவதும் இரவு பகலாக ஓடினால் அவை 2,000 கோடி யூனிட்டைத் தாண்டியாக வேண்டும். உண்மையில் அதில் பாதியைக்கூட எட்டுவதில்லை, ஏனென்றால் மதகு அகலமாக இருந்தாலும் ஏரி நிரம்புவது மழையின் கையில் இருக்கிறது. இதைப் பார்த்துவிட்டுப் புனல் மின்நிலையங்கள் பாதி நாள் சும்மா கிடக்கின்றன என்று குறை சொல்பவர்கள் உண்டு. அது சரியான குறை அன்று. எந்த நேரத்தில் ஓடுகின்றன என்பதில்தான் அவற்றின் அருமை இருக்கிறது.

2024 மே 2ஆம் நாள் தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதுவரை காணாத உச்சம் அது. அந்த நாட்களின் வெயிலை வேலூர்க்காரர்களுக்கு யாரும் நினைவூட்டத் தேவையில்லை. இங்கே கோடை என்றால் இரவு பத்து மணிக்கும் சுவர் சுடும். முன்பு மின்விசிறியோடு நின்ற வீடுகளில் இப்போது ஏசி இருக்கிறது, வாசலில் மின்ஸ்கூட்டர் சார்ஜ் ஏறுகிறது. இவற்றோடு ராணிப்பேட்டை சிப்காட் ஆலைகள், ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்கூடங்கள், அவற்றின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையங்கள் ஆகியவற்றின் தேவையும் சேர்ந்துகொள்கிறது. ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போகும் இந்தத் தேவையில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பகலில் சூரிய மின்சாரம் தாராளமாகக் கிடைக்கிறது; மாலை ஆறு மணிக்கு மேல் அது ஒரேயடியாக நின்றுவிடுகிறது, மக்கள் வீடு திரும்பி விளக்கையும் ஏசியையும் போடுவதும் அந்த நேரத்தில்தான். தமிழ்நாட்டின் காற்றாலைகள் பெருமளவில் சுழல்வது மே மாதத்துக்குப் பிறகு; மார்ச், ஏப்ரல் மாலைகளில் அவற்றை நம்பி இருக்க முடியாது. நிலக்கரி நிலையங்களோ கொதிகலன் சூடேறி முழு ஓட்டத்துக்கு வரப் பல மணி நேரம் எடுத்துக்கொள்பவை. அந்த மாலை நேரத்தில் சில நிமிடங்களுக்குள் நூற்றுக்கணக்கான மெகாவாட்டை எழுப்பித் தரக்கூடியது புனல் மின்நிலையம். வாயிலைத் திறந்தால் தண்ணீர் பாயும், பாய்ந்தால் மின்சாரம்.

இதற்கு நாடறிந்த சான்று ஒன்று இருக்கிறது. 2020 ஏப்ரல் 5 இரவு ஒன்பது மணிக்கு, கொரோனா ஊரடங்கின் நடுவே, ஒன்பது நிமிடம் வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு அகல் ஏற்றும்படி நாட்டு மக்களிடம் கேட்டுக்கொள்ளப்பட்டது. சில நிமிடங்களில் இந்தியாவின் மின்தேவை 31,000 மெகாவாட்டுக்கு மேல் சரிந்தது. பிறகு அதே வேகத்தில் ஏறியது. இந்த ஏற்ற இறக்கத்தில் மின்தொடரமைப்பு நிலைகுலைந்திருந்தால் நாடே இருளில் மூழ்கியிருக்கும். அன்றைக்கு அதைத் தாங்கிப் பிடித்ததில் பெரும்பங்கு நீர்மின் நிலையங்களுடையது: 17,000 மெகாவாட்டுக்கு மேல் உற்பத்தியைக் குறைத்து, விளக்குகள் எரியத் தொடங்கியதும் திரும்ப ஏற்றினார்கள். வேலூரில் அன்று மொட்டை மாடியில் அகல் ஏற்றிய எத்தனையோ பேருக்குத் தெரியாமல், எங்கோ மலையடிவாரத்தில் இருந்த பொறியாளர்கள் மதகு வாயிலைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களை நினைக்கும்போது எனக்கு நன்றியுணர்வு வருகிறது.

ஆனால் மேட்டூருக்கு ஒரு தனிக் கட்டுப்பாடு உண்டு. அங்கே தண்ணீரைத் திறப்பது மின்சாரத்துக்காக அன்று, டெல்டாப் பாசனத்துக்காக. வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள். பாசனத்துக்குப் போகும் நீர் போகிற வழியில் மின்சாரமும் தந்துவிட்டுப் போகிறது, அவ்வளவுதான். ஆக, பிப்ரவரி முதல் மே வரை, வேலூரின் ஏசிகள் இரவு முழுவதும் ஓடும் காலத்தில், மேட்டூரின் விசையாழிகளுக்குக் குடிநீருக்கான சிறு பாய்ச்சல் மட்டுமே மிஞ்சுகிறது. நெல்லுக்கான தண்ணீரை மின்சாரத்துக்காகத் திருப்ப வேண்டும் என்று யாரும் கேட்கக் கூடாது, கேட்கவும் முடியாது. புனல் மின்திறனைப் பெருக்குவதற்கான வழிகள் இந்த எல்லைக்குள் இருந்துதான் பிறக்க வேண்டும்.

பெருக்கும் வழிகள்

முதலில் எல்லோருக்கும் தோன்றும் வழி புதிய பெரிய அணை. தமிழ்நாட்டில் அதற்கு இடம் அநேகமாக முடிந்துவிட்டது. உயரமும் தண்ணீரும் சேர்ந்து கிடைத்த பைக்காரா, குந்தா, பெரியாறு, பாபநாசம் போன்ற இடங்களையெல்லாம் சென்ற நூற்றாண்டிலேயே பயன்படுத்திவிட்டோம். எஞ்சியிருப்பவை சோலைக்காடுகள், வன உயிர்களின் வழித்தடங்கள், பக்கத்து மாநிலங்களோடு வழக்கில் இருக்கும் ஆறுகள். வடக்கே இமயமலையில் உயரமும் தண்ணீரும் இன்னும் இருக்கின்றன. அங்கே கட்டி, கம்பி வழியே தெற்கே கொண்டுவருவதும் நடக்கிறது. காட்பாடி அருகே திருவலத்தில் இருக்கும் 765 கிலோவோல்ட் துணை மின்நிலையம் போன்றவை எங்கோ பிறந்த மின்சாரத்தை இங்கே இறக்கித் தருவதற்காகவே நிற்கின்றன. ஆயினும் இமயம் இளமையான மலை, அசைந்துகொண்டிருக்கும் மலை. 2023 அக்டோபரில் சிக்கிமில் பனியேரி ஒன்று உடைத்துக்கொண்டு வந்தபோது, 1,200 மெகாவாட் திறன் கொண்ட தீஸ்தா மூன்றாம் திட்டத்தின் அணை அடித்துச் செல்லப்பட்டது. அங்கே பல கோடி ரூபாயைக் கொட்டுவதற்கு முன் இதை ஒருமுறைக்கு நூறுமுறை நினைத்துப் பார்ப்பதே முறை.

இரண்டாவது வழி, கீழே விட்ட தண்ணீரை மறுபடியும் மறுபடியும் பயன்படுத்துவது. இதற்குத் தமிழ்நாட்டில் அழகான எடுத்துக்காட்டு மேட்டூருக்குக் கீழே காவிரியில் இருக்கிறது. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகக் கதவணைகள் கட்டி, ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட் மின்நிலையம் வைத்திருக்கிறார்கள். அதற்கும் கீழே பவானி கட்டளைக் கதவணைகள் மூன்று, அவையும் 30 மெகாவாட் வீதம். கதவணை ஒவ்வொன்றிலும் நீர் சில மீட்டர்தான் இறங்குகிறது, ஆனால் பாய்ச்சல் பெரியது. தண்ணீர் செலவாவதில்லை என்று முதலில் சொன்னோமே, அதன் பலன் இது: மேட்டூரில் ஒருமுறை வேலை செய்த நீர், அதன் பிறகு ஏழு இடங்களில் வேலை செய்து, அதே அளவில் டெல்டாவின் வயலுக்குப் போய்ச் சேருகிறது. யாருடைய பங்கும் குறையவில்லை, புதிதாகக் காடு மூழ்கவில்லை.

பழைய இயந்திரங்களைப் புதுப்பிப்பதும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். மேட்டூர் அணை மின்நிலையத்தில் 10 மெகாவாட்டாக இருந்த நான்கு அலகுகள் புதுப்பித்த பின் 12.5 மெகாவாட் ஆயின. அதாவது ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாமலே 40 மெகாவாட் நிலையம் 50 ஆயிற்று. விசையாழியின் இறக்கை வடிவமும் கம்பிச்சுருளின் காப்புப் பொருளும் கடந்த நூறாண்டில் எவ்வளவோ முன்னேறிவிட்டன. என் கருத்தைக் கேட்டால், புதிய அணைக்கு அடிக்கல் நாட்டுவதற்கு முன், இருக்கும் ஒவ்வொரு பழைய நிலையத்திலும் இந்த வேலையை முடித்திருக்க வேண்டும். இதில் பெரிய விழா எடுக்க முடியாது என்பது உண்மை, ஆனால் செலவிட்ட ரூபாய்க்குக் கிடைக்கும் மெகாவாட் இதில்தான் அதிகம்.

சிறு மின்நிலையங்களைப் பற்றியும் ஒரு சொல். பிரியாத பழைய வட ஆற்காட்டின் பெரிய அணை, செங்கத்துக்கு அப்பால் தென்பெண்ணையில் 1958இல் கட்டிய சாத்தனூர் அணை. இப்போது அது திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. 119 அடி உயரமும் 7,321 மில்லியன் கன அடி கொள்ளளவும் உள்ள அந்த அணையில் 7.5 மெகாவாட் மின்நிலையம் ஒன்று உண்டு. முழுவீச்சில் ஒரு நாள் ஓடினால் 1,80,000 யூனிட். மோர்தானா முழுவதும் தரக்கூடியதை இது ஒரே பகலிரவில் விஞ்சிவிடுகிறது. அதை ஓட்ட வினாடிக்கு ஏறக்குறைய ஆயிரம் கன அடி நீர் போதும் என்று நம் சூத்திரம் சொல்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது சாத்தனூரிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி நீர் வெளியேற்றப்பட்டு, கீழே உள்ள ஊர்கள் பெருந்துயரத்தைச் சந்தித்தன. அந்த வெள்ளத்தில் நூற்றில் ஒரு பங்குகூட விசையாழி வழியே போயிருக்க முடியாது. ‘வீணாகப் போன வெள்ளத்தில் எவ்வளவு மின்சாரம் எடுத்திருக்கலாம்’ என்ற பேச்சு அப்போதும் எழுந்தது. ஆண்டில் இரண்டு நாள் வரும் வெள்ளத்துக்காக 168 மடங்கு பெரிய மின்நிலையம் கட்டினால், மீதி 363 நாளும் அது துருப்பிடிக்கும். சராசரி நாளின் பாய்ச்சலைப் பார்த்துத்தான் மின்நிலையத்தின் அளவை முடிவுசெய்வார்கள்.

மேலே ஏற்றி வைக்கும் வித்தை

இனி வருவது இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய பகுதி. நீரேற்றுப் புனல்மின் நிலையம் என்று ஒன்று இருக்கிறது. மேலே ஒரு நீர்த்தேக்கம், கீழே ஒரு நீர்த்தேக்கம், இரண்டையும் இணைக்கும் சுரங்கக் குழாய், நடுவில் இருபுறமும் சுழலக்கூடிய இயந்திரம். மின்சாரம் மிகுந்து கிடக்கும் நண்பகலில் அதே இயந்திரம் மோட்டாராக மாறி, கீழ்த்தேக்கத்து நீரை மேலே ஏற்றும். மாலையில் அந்த நீரை இறக்கி, விசையாழியாகச் சுழன்று மின்சாரம் தரும். கவலை மாடு சரிவில் இறங்குவதும் ஏறுவதும் போலத்தான், ஆனால் இங்கே ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் மின்தேவையைப் பார்த்து முடிவாகின்றன.

நூறு யூனிட் செலவழித்து ஏற்றினால் திரும்பக் கிடைப்பது 75 முதல் 80 யூனிட். கேட்டவுடன் இது நட்டக் கணக்காகத் தோன்றும். நம் ஊர் உழவர்களுக்கு இதை விளக்கச் சிரமமில்லை. மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, களத்திலேயே விற்றால் கிடைக்கும் விலை ஒன்று, காயவைத்து இருப்பு வைத்து விற்றால் கிடைக்கும் விலை ஒன்று. காய்ந்தால் எடை குறையும் என்பது தெரிந்தேதான் இருப்பு வைக்கிறார்கள். நண்பகலில் சூரியத் தகடுகள் தரும் மின்சாரத்தை வாங்க ஆள் இல்லாமல் உற்பத்தியைக் குறைக்கச் சொல்லும் நேரங்கள் உண்டு. மாலை ஏழு மணிக்கு அதே யூனிட்டைச் சந்தையில் பல மடங்கு விலைகொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. நூற்றில் இருபத்தைந்தை இழந்தாலும் மாலைக்குக் கொண்டுசேர்ப்பது ஆதாயம்தான்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதும் அன்று. ஆனைமலைப் பகுதியில் காடம்பாறை நீரேற்று நிலையம் 1980களின் இறுதியிலேயே ஓடத் தொடங்கியது. மலையைக் குடைந்து நிலத்தடியில் அமைத்த அந்த நிலையத்தின் திறன் 400 மெகாவாட், கீழ்த்தேக்கமாக இருப்பது மேல் ஆழியாறு. நீலகிரியில் ஏற்கெனவே இருக்கும் போர்த்திமந்து அணையை மேல்தேக்கமாகவும் அவலாஞ்சி, எமரால்டு அணைகளைக் கீழ்த்தேக்கமாகவும் கொண்டு 500 மெகாவாட்டில் குந்தா நீரேற்றுத் திட்டம் வகுக்கப்பட்டிருக்கிறது. புதிய அணை தேவைப்படாமல், இருக்கும் அணைகளுக்கு நடுவே சுரங்கமும் இயந்திரமும் மட்டும் சேர்த்துத் திறனைப் பெருக்குவதால் இதை நல்ல முறை என்று கருதுகிறேன். அதே நீலகிரியில் 1,000 மெகாவாட்டுக்குத் திட்டமிட்ட சில்லஹல்லா திட்டத்தை அங்குள்ள மக்கள் எதிர்த்தார்கள், ஏனென்றால் அதற்குப் புதிய அணைகள் வேண்டும், விளைநிலமும் காடும் மூழ்கும். நீரேற்றுத் திட்டம் என்ற ஒரே பெயரில் இந்த இரு வகையும் அடங்கிவிடுவதால், படிப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது ‘தேக்கங்கள் பழையவையா, புதியவையா’ என்பதுதான். 2024இல் தமிழ்நாடு அரசு நீரேற்றுத் திட்டங்களுக்கும் சிறு புனல்மின் திட்டங்களுக்கும் தனித்தனிக் கொள்கைகளை வெளியிட்டிருக்கிறது. இனி வரும் ஆண்டுகளில் இந்தக் கேள்வி அடிக்கடி நம் முன் வரும்.

நீரேற்று நிலையத்துக்கு ஆறு தேவையில்லை என்பது நம் மாவட்டத்துக்காரர்கள் உற்றுநோக்க வேண்டிய செய்தி. ஒருமுறை நிரப்பினால் அதே தண்ணீர் மேலும் கீழுமாகப் போய்வரும். ஒரு பயிற்சிக் கணக்காக மட்டும் பார்ப்போம்; இப்படி ஒரு திட்டம் இருப்பதாகவோ வர வேண்டும் என்றோ நான் சொல்லவில்லை. ஏலகிரியின் மேட்டுநிலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஆயிரம் மீட்டர். அடிவாரத்து ஜோலார்பேட்டைச் சமவெளி அதற்கு ஐந்நூறு, அறுநூறு மீட்டர் கீழே இருக்கிறது. குழாய் அமைப்பில் பயன்படக்கூடிய உயரம் 400 மீட்டர் என்று குறைத்தே வைப்போம். நூறு மெகாவாட்டை மாலையில் ஆறு மணி நேரம் தர, ஆறு லட்சம் யூனிட் வேண்டும். 400 மீட்டரில் ஒரு கன மீட்டர் நீர் ஏறத்தாழ ஒரு யூனிட் தரும். ஆகத் தேவைப்படும் நீர் ஆறு லட்சம் கன மீட்டருக்குச் சற்று மேல், அதாவது 22 மில்லியன் கன அடி. மோர்தானா கொள்ளளவில் பன்னிரண்டில் ஒரு பங்கு! ஆறு மீட்டர் உயரத்தில் மோர்தானா முழுவதும் ஒரே முறை தரும் மின்சாரத்தைப் போல் ஆறு மடங்கை, அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு நீர், 400 மீட்டர் உயரத்தில், ஒவ்வொரு நாளும் தரும். இந்தக் கணக்கை முதன்முதலில் தாளில் போட்டுப் பார்த்தபோது, தவறு செய்துவிட்டேனோ என்று மூன்று முறை சரிபார்த்தேன்.

கணக்கு சரிதான். ஆனால் கணக்கு மட்டும் மலை ஏறாது. நம் கிழக்கு மலைத்தொடரின் ஏலகிரியும் சவ்வாது மலையும் வெற்றுக் கற்குவியல்கள் அல்ல. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்து சாமையும் கேழ்வரகும் விளைவிக்கும் மலைவாழ் மக்களின் ஊர்கள் இருக்கின்றன, காப்புக்காடுகள் இருக்கின்றன. மேல்தேக்கம் எந்த ஊரின் நிலத்தில் வரும் என்று கேட்காமல் உயரத்தை மட்டும் அளப்பது முறையாகாது. சூரியத் தகடுகளோடு மின்கலத் தொகுப்புகளும் இப்போது விலை குறைந்து வருகின்றன; இரண்டு மணி நேரத் தேவைக்கு அவை போதும் என்றால் மலையைக் குடைய வேண்டியதில்லை. ஆறு, எட்டு மணி நேரம் தாங்க வேண்டும், நாற்பது ஐம்பது ஆண்டு உழைக்க வேண்டும் என்னும்போதுதான் நீரேற்று நிலையம் மேலோங்குகிறது.

இன்னொன்று, ஆவியாதல். பதினைந்து மீட்டர் ஆழத்தில் கட்டினாலும் இப்படிப்பட்ட இரு தேக்கங்களுக்கும் சேர்த்துப் பத்தொன்பது, இருபது ஏக்கர் நீர்ப்பரப்பு இருக்கும். நம் பகுதியின் வெயிலில் திறந்த நீர்ப்பரப்பு ஆண்டுக்கு ஒன்றரை மீட்டருக்கும் மேல் ஆவியாகிவிடும். அந்தப் பரப்பின் மீதே பெய்யும் மழை ஏறக்குறைய தொள்ளாயிரம் மில்லிமீட்டரைத் திருப்பித் தந்தாலும், மிச்சப் பற்றாக்குறை ஆண்டுக்கு ஐம்பதாயிரம் கன மீட்டர் அளவுக்கு வரும். நம் தெருவுக்கு வரும் தண்ணீர் லாரியில் சொன்னால் நான்காயிரம் லாரிக்கு மேல். முதல் முறை நிரப்பும் ஆறு லட்சம் கன மீட்டரையும், அதற்குப் பிறகு ஆண்டுதோறும் இந்த நான்காயிரம் லாரித் தண்ணீரையும் எந்த ஏரியிலிருந்து எடுப்பது என்று தீர்மானிக்க, அந்த ஏரியின் ஆயக்கட்டில் கழனி வைத்திருப்பவர்களைத்தான் முதலில் உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.